குட்டி லோடரும் எங்க வீட்டுக் காதுக்காரரும்

எங்க வீட்டுக்காரருக்கு ஊர் வச்ச பேரு காதுக்காரர். சும்மா வந்த பேரு இல்ல. வண்டி தெருமுனையில திரும்பும்போதே, உள்ளே படுத்துக்கிட்டு வேலை பாக்கிற மனுஷன், "அந்த வண்டிக்கு பேரிங் உறுமுது, எடுத்து வை"ன்னு எனக்குக் குரல் கொடுப்பாரு. பட்டறைக்கு முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டர் என் பொறுப்பு. வண்டிக்காரன் இறங்கி வந்து வாயத் திறக்கிறதுக்குள்ள சாமானை மேசை மேல வச்சிருப்பேன். அவன் திருதிருன்னு முழிப்பான். அந்த முழியைப் பாக்கிறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், இல்லைன்னு ஏன் சொல்லணும்?

மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே பட்டறைக்குள்ள வந்தவரு. ஹைட்ராலிக் வண்டின்னா உயிரு. பேச்சு கம்மி, கோவம் ஜாஸ்தி, ஸ்பானரை மாத்தி வச்சா வீடே ரெண்டாகும். ஒரு நீட்டமான இரும்புக் கம்பி வச்சிருப்பாரு. ஒரு முனையை வண்டி மேல ஊன்றி, மறு முனையைக் காதுக்குப் பின்னாடி எலும்புல வச்சு, கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரு. பக்கத்துல யாரும் தும்மக்கூடக் கூடாது. காதுக்குப் போடற மூடியை எத்தனை தடவை வாங்கிக் கொடுத்திருப்பேன்! "காதை மூடிட்டா அப்புறம் நான் எதுக்குப் பட்டறைக்குப் போகணும்?"னு என் மேலயே எரிஞ்சு விழுவாரு. எஞ்சின் அலறுற இடத்துல தலையை உள்ள விட்டு, வாழ்நாள் பூரா திறந்த காதோட நின்ன மனுஷன்.

இவரோட தங்கச்சி புருஷன் மாட்டுப்பண்ணை வச்சிருக்காரு. எனக்கு அண்ணன் முறை. முறைதான் அண்ணன், மத்தபடி எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் முகம் எப்பவும் இளிச்ச வாக்குல இருக்கும். துக்க வீட்டுல நின்னாலும் பல்லு உள்ள போகாது, வாயோட அமைப்பே அப்படி. கூடவே கிண்டல் வேற. "மச்சான், காதை இன்சூர் பண்ணியாச்சா?"ன்னு பாக்கிறப்பல்லாம் கேப்பாரு. இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "மாப்பிள்ளை வாங்க, உக்காருங்க"ம்பாரு. வீட்டு மாப்பிள்ளையாச்சே, என்ன சொல்ல முடியும்?

அந்த மாப்பிள்ளை ஒருநாள் குட்டி லோடரை லாரியில ஏத்திக்கிட்டு வந்தாரு. ஸ்கிட் லோடர்னு சொல்றாங்களே, அது. ஸ்டியரிங் கிடையாது, ரெண்டு கைப்பிடிதான். இடது பக்கச் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலது பக்கத்துக்கு ஒரு மோட்டார். எஞ்சின் பம்பைச் சுத்தும், பம்ப் ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில்தான் மோட்டாரைச் சுத்தும். ரொம்பக் கிழட்டு வண்டி. ஆனா பண்ணையில சாணி அள்ளுறதுலேர்ந்து தீவனம் போடற வரைக்கும் எல்லாம் அதுதான்.

"ஓட்டினா கத்துது மச்சான். பம்ப் மட்டும் போயிடக் கூடாது. இந்த மாடலுக்குப் பம்ப் எங்க தேடினாலும் கிடைக்காதாம். இது படுத்தா பண்ணையும் படுத்துரும்"னாரு. அன்னைக்கும் இளிச்ச முகம்தான். குரல்ல மட்டும் சிரிப்பு இல்ல.

இவர் கம்பியை எடுத்து அங்க இங்க வச்சுக் கேட்டாரு. இடது பக்கம் வந்ததும் நின்னாரு. "உறுமுது. இடது மோட்டார்தான்"னு முடிச்சிட்டாரு. எனக்குக் கவுன்ட்டர்ல உக்காந்தே வேற ஒண்ணு கேட்டுச்சு. உறுமலுக்கு மேல மெல்லிசா, காதைக் குடையற மாதிரி ஒரு கீச்சு. சரி, காதுக்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு வாயை மூடிக்கிட்டேன்.

மோட்டாரைக் கழட்டினாரு. பிரிச்சாரு, பேரிங் மாத்தினாரு, சீல் மாத்தினாரு, உள்ள தொங்கிக் கிடந்த சக்கரச் செயினை இறுக்கினாரு. மாப்பிள்ளை திரும்ப வந்ததும், எல்லார் முன்னாடியும் வண்டியைக் கிளப்பினாரு. உறுமல் போயிருந்துச்சு. கீச்சு போகல. முன்னைவிட மோசம். பக்கத்துல நின்ன எங்க பட்டறை வெல்டர் தோளைக் காதோட இடுக்கிக்கிட்டு முகம் சுளிச்சான். அவனுக்கு முதுகு காட்டித்தான் இவர் நின்னிருந்தாரு.

இவர் துணியில கையைத் துடைச்சுக்கிட்டு, மாப்பிள்ளை முகத்தை ஒரு பார்வை பாத்துட்டுப் பெருமையாச் சொன்னாரு: "பாத்தீங்களா மாப்பிள்ளை? கப்சிப்."

ஐயோ, அந்த நிமிஷம்! வண்டி ஊரைக் கூட்டுது, இவர் கப்சிப்ங்கிறாரு. வெல்டர் என்னைப் பாத்தான். நான் மேசையைப் பாத்தேன். பூமி பிளந்தா உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. மாப்பிள்ளை இப்போ வாயைத் திறக்கப் போறாரு, காலத்துக்கும் மறக்காத மாதிரி ஒண்ணு சொல்லப் போறாருன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மாப்பிள்ளை வண்டியைப் பாத்தாரு. இவரைப் பாத்தாரு. அதே இளிப்பு.

"சத்தம் போச்சு மச்சான். சுத்தமா போச்சு"ன்னாரு.

சொல்லிட்டு, தானே வண்டியை லாரியில ஏத்திக் கட்டினாரு. போகும்போது கவுன்ட்டர் பக்கம் வந்து, "வரேன் தங்கச்சி"ன்னாரு. என் கண்ணைப் பாக்கல. அந்த ஆளை எத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்! அவர் எங்க மானத்தை மூடி எடுத்துக்கிட்டுப் போறாரு, நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்.

சாயங்காலம் வீட்டுல சமையல்கட்டு வாசல்ல நிறுத்தி வச்சுக் கேட்டேன். "ஏங்க, அந்த வண்டி கத்துச்சுங்க. லாரியில ஏறும்போதும் கத்திக்கிட்டேதான் ஏறிச்சு."

கோவப்படுவாருன்னு பாத்தேன். படல. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. முகத்துல ஈயாடல.

"எந்த மாதிரி?"ன்னு கேட்டாரு.

"கீச்சுன்னு. மெல்லிசா."

"அது எனக்குக் கேக்காது"ன்னாரு. "ரொம்ப நாளாவே கேக்காது. உறுமல், தட்டல், இடி எல்லாம் கேக்குது. மெல்லிசா வர்றது எதுவும் இல்ல. ஆம்பளைங்க பேசினா புரியுது. உன் பேச்சுல பாதி வந்து சேராது."

"கல்யாணமானதிலேர்ந்து அப்படித்தானே"ன்னு வழக்கம் போல வாய் முந்திக்கிச்சு. அவர் சிரிக்கல. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. குக்கர் விசிலுக்கு எழுந்திருக்க மாட்டாரு, போன் அடிச்சா திரும்ப மாட்டாரு. "காது என்ன செவிடா?"ன்னு நான் கத்தாத நாள் உண்டா? எந்த வீட்டுல பொண்டாட்டி அப்படிக் கத்தாம இருக்கா? அதுக்கு ஒருநாளும் அவர் பதில் சொன்னதில்ல. ஏன் சொல்லலைன்னு இப்பத்தான் உறைச்சுது.

"அப்போ இத்தனை நாளா எப்படிங்க?"

"மூஞ்சியப் பாப்பேன்"னாரு. "கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளும்போது வண்டிக்காரன் முகம் சுருங்குதோ, அந்தப் பக்கம். எப்போ கண்ணைச் சுருக்கறான், எப்போ தோளைத் தூக்கறான், எல்லாம் பாப்பேன். சரி பண்ணினதும் முகம் தெளிஞ்சா சத்தம் போச்சுன்னு அர்த்தம். தப்பினதே இல்ல. மாப்பிள்ளைக்குத்தான் பாழாப்போன முகம், எப்பவும் ஒரே மாதிரி." என்னை நிமிர்ந்து பாத்தாரு. "உன் முகத்தையாவது பாத்திருப்பேன். நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்ட?"

நான் என்ன சொல்லட்டும்? புருஷன் செவிடுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா வெக்கம்னு குனிஞ்சேன்னா சொல்ல முடியும்? அடுப்பை அணைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

காலையில எழுந்ததும், "பண்ணைக்குப் போறோம், நீயும் வா"ன்னாரு. போன் பண்ணிச் சொன்னா ஆகாதான்னு கேட்டேன். "போன்ல எனக்கு என்ன கேக்கும்?"னாரு.

மாப்பிள்ளையும் நாத்தனாரும் கொட்டகை வாசல்ல நின்னாங்க. லோடர் ஓரமா நிக்குது. பம்புக்குப் பயந்து அதைத் தொடவே இல்ல, விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து மம்பட்டியால சாணி வாரியிருக்காங்க. நாத்தனார் கையில புதுசாக் கொப்புளம். அதைப் பாத்ததும் இவர் முகம் கறுத்துப் போச்சு.

"வாங்க மச்சான், தங்கச்சி வா"ன்னாரு மாப்பிள்ளை. "என்ன திடீர்னு? காபி சாப்பிடலாம் முதல்ல."

"மாப்பிள்ளை, எனக்குக் காது போச்சு"ன்னாரு இவர். நின்ன இடத்துலயே, செருப்பைக்கூடக் கழட்டாம. "உங்க வண்டி கத்தினது எனக்குக் கேக்கல. நல்லா இருந்த மோட்டாரைப் பிரிச்சுட்டேன். தொங்கின செயின் உறுமினதை மோட்டார்னு நினைச்சேன். தப்பு என் மேல."

நாத்தனாருக்குக் குரலே மெல்லிசு. "அண்ணே, நான் கூப்பிடறப்பல்லாம் நீ திரும்பாம போவியே, அது இதுதானா? உனக்குக் கர்வம்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்"னு சொல்லி அழுதா. அதுவும் இவருக்குச் சரியாக் கேக்கல. என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் பக்கத்துல போய் உரக்கத் திரும்பச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த வார்த்தையை நான் கத்திச் சொல்றேன், சொந்தத் தங்கச்சி எதிர்ல நிக்கிறா. அவர் கூனிக் குறுகிப் போனதைப் பாத்துட்டு மாடு கட்டியிருந்த பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்புறம் வேலையை ஆரம்பிச்சாரு. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அடியில கட்டை கொடுத்து, நாலு சக்கரமும் தரையில படாம நிறுத்தினாரு. எஞ்சினைக் கிளப்பி, "நீங்க கேளுங்க. கேட்டதைப் பாடிக் காட்டுங்க"ன்னாரு மாப்பிள்ளையைப் பாத்து.

மாப்பிள்ளை, "ஈஈஈ"ன்னாரு.

"கேக்கல. குரலை இறக்கிப் பாடுங்க."

"ஊஊஊ"ன்னாரு. பண்ணை முதலாளி மாட்டுக்கு நடுவுல நின்னு ஊளையிடறாரு, மாடெல்லாம் திரும்பிப் பாக்குது. வேற நாளா இருந்தா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

இடது சக்கரத்தை மட்டும் ஓட விட்டாரு. "ஊ." வலதை மட்டும். அதே "ஊ." ரெண்டையும் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஏத்தினாரு. அப்பவும் மாப்பிள்ளை வாயை மூடல. "அப்போ மோட்டார் எதுவும் இல்ல. பம்புக்கு வர்ற வழியிலதான்"னு சொல்லி ஆயில் டேங்க் மூடியைத் திறந்தாரு. ஆயில் மேல நுரை, சோப்புத் தண்ணி மாதிரி. எங்கேயோ காத்து இழுக்குது. பம்ப் ஆயிலோட சேர்த்துக் காத்தையும் மெல்லுது, அதான் அந்தக் கத்து.

டேங்க்லேர்ந்து பம்புக்குப் போற ஹோஸை விரலால தடவிக்கிட்டே போனாரு. கிளாம்ப் கிட்ட ஓரமாத் தூசி ஈரமா ஒட்டியிருந்துச்சு. கிளாம்பைக் கழட்டினா, அடியில மயிரிழையா ஒரு வெடிப்பு. ஓடும்போது அது காத்தை உள்ள இழுக்குமே தவிர ஆயிலை வெளிய விடாது. அதனால யார் கண்ணுக்கும் ஒழுக்குன்னு தெரியல. காய்ஞ்சு போன ஒரு ரப்பர் ஹோஸ், அவ்வளவுதான். இதுக்காகவா ஒரு நல்ல மோட்டாரைப் பிரிச்சோம்னு அவர் கண்ணுலயே தெரிஞ்சுது.

அளவு பாத்துப் புது ஹோஸ் போட்டாரு. ஆயிலை மாத்தினாரு. எஞ்சினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் மெதுவா ஓட விட்டு, அப்புறம் ஏத்தினாரு. அந்தக் கீச்சு இல்ல. நிஜமாவே இல்ல. மாடு அசை போடறதுகூடக் கேக்கும் போலத் தோணுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பம்ப் பொழைச்சுது, பண்ணை பொழைச்சுது.

"போச்சா மாப்பிள்ளை?"ன்னு கேட்டாரு.

"போச்சு மச்சான்! சுத்தமா போச்சு!"ன்னாரு மாப்பிள்ளை, அதே இளிச்ச முகத்தோட.

இவர் அந்த முகத்தையே பாத்தாரு. "நேத்தும் இதையேதான் சொன்னீங்க"ன்னாரு. கோவமாச் சொல்லல. முதல் தடவையா மாப்பிள்ளை வாய் மூடிக்கிடந்ததைப் பாத்தேன்.

இவர் என் பக்கம் திரும்பினாரு. "நீ சொல்லு."

நான் நேரா அவர் முகத்தைப் பாத்து, உரக்க, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னேன். "போச்சுங்க. சத்தமே இல்ல."

அவர் என் முகத்துல எதையோ ரொம்ப நேரம் தேடினாரு. அப்புறம் எஞ்சினை நிறுத்திட்டு, டேங்க் மூடியைத் திறந்து, நுரை இருக்கான்னு தானே குனிஞ்சு பாத்தாரு.