இரண்டு கையும் நீட்டினால்

எங்கள் பாஸ்கெட்பால் டீமில் எனக்கு வைத்த பெயர் ஸ்டெப்னி. பாயின்ட் கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டுபோய் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவள். அந்த வேலைக்கு எங்களிடம் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், என்னைவிட நிறையவே நன்றாக ஆடுவாள். அவளுக்கு மூச்சு வாங்கினாலோ ஃபவுல் ஏறிப்போனாலோ நான் இறங்குவேன். அவள் தண்ணீர் குடித்து முடித்ததும் வெளியே வந்துவிடுவேன். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வரும். அவள் நன்றாக ஆடினால் எரிச்சல் இன்னும் கூடும். என் முழங்கால் போனபோது, "இன்னாடி, ஸ்டெப்னியே பஞ்சராப் பூட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் எங்கள் கோர்ட் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கிற ரோடு, மறுபக்கம் வீடுகள். வேலி கிடையாது. தண்ணீர் லாரி வந்துவிட்டால் குடத்தோடு குறுக்கே போவார்கள். மீன் கூடையோடு போவார்கள். குழந்தைக்கு நடை பழக்க எங்கள் கோர்ட்டைவிட நல்ல இடம் கிடையாது என்பது அங்கே எல்லா அம்மாக்களுக்கும் எண்ணம். லாரி ஹாரனில் யார் என்ன கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஆட்டத்தில் நாங்கள் வாயால் பேசுவதில்லை, கையால்தான் பேசுவோம்.

அந்தக் கை பாஷை ஹார்பரிலிருந்து வந்தது. எங்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ அண்ணனோ அங்கேதான் வேலை. என் அப்பா சிக்னல்மேன். நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன். கப்பலின் கிடங்கு வாயோரம் நின்று, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை காட்டுவது அவர் வேலை. மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கிடங்கின் அடி தெரியாது, நைனாவின் கையைப் பார்த்துத்தான் ஓட்டுவார். வாக்கி டாக்கி வந்த பிறகும் இந்தக் கை காட்டுவது நிற்கவில்லை. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. நாங்கள் அவற்றை வேகமாகப் போ, மெதுவாகப் போ என்று மாற்றிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி வீசினால், இருந்த இடத்தில் நிறுத்து. ஹார்பரில் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. மற்ற சைகைகளை சிக்னல்மேன்தான் காட்டலாம், இதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். கூட்டிப் பெருக்க வந்தவர் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு. எங்கள் கோர்ட்டிலும் அதே சட்டம்தான். குழந்தையோ நாயோ உள்ளே வந்துவிட்டால் முதலில் பார்த்தவர் இரண்டு கையையும் நீட்டுவார். பந்து வைத்திருப்பவள் உட்பட எல்லாரும் அப்படியே நின்றுவிடுவோம். குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டம் தொடரும்.

கால் போனது வேறொரு கிரவுண்டில், ஒரு மேட்ச்சில். பந்து தனியாகக் கிடைத்து நான் கூடையை நோக்கி ஓடினேன். எதிர் டீம் பெண் ஒருத்தி பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். அவளை முன்னால் போகவிடலாம் என்று இடது காலை ஊன்றிச் சட்டென்று நின்றேன். பாதம் நின்றது, முழங்கால் நிற்கவில்லை. உள்ளே ஏதோ 'டப்'பென்று போனது எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன், என் மேல் தடுக்கி அவளும் விழுந்தாள். அன்றைக்கு நைனா மேட்ச் பார்க்க வந்திருந்தார். அவர்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

ஆபரேஷன் ஆனது. மழைக்காலம் முழுக்க வீட்டில் கிடந்தேன். அப்புறம் பிசியோ, அப்புறம் மெல்ல ஓட்டம். ஓட்டம் வந்தது, திரும்புவது வந்தது, குதிப்பதுகூட வந்தது. நிற்பது மட்டும் வரவில்லை. வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்கிற இடத்தில் என் கால் தானாகச் சின்னச் சின்ன அடி வைத்து, லாரி பிரேக் பிடிப்பது போல இழுத்து இழுத்துத்தான் நிற்கும். அதற்குள் எதிராளி வந்து ஒட்டிக்கொள்வாள். இல்லாவிட்டால் நிற்பதற்குப் பயந்துகொண்டு பந்தை முன்கூட்டியே யாரிடமாவது தள்ளிவிடுவேன். "கால் ரெடிம்மா, உங்க மனசுதான் இன்னும் ரெடியாகல" என்று பிசியோ அக்கா சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கால் ரெடி என்று அவருக்கு எப்படித் தெரியும், அது என் கால் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கோச்சை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. திருவொற்றியூரில் நடந்த டோர்னமென்டுக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஓடுற, திரும்புற, எல்லாம் சர்தான். நிக்க மாட்டேங்குற. நிக்காத கார்டை வெச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது?"

"வந்துரும் மாஸ்டர்."

"இந்த டோர்னமென்ட்ல வர்லன்னா உன் எடத்துல வேற பொண்ணப் போட்ருவேன். மனசுல வெச்சிக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி? ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஓடுவது யாருக்கும் வரும். நின்றால்தான் எதிராளி தாண்டிப் போவாள், நின்றால்தான் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். நிற்கத் தெரியாவிட்டால் நான் ஸ்டெப்னிகூட இல்லை. ஸ்கோர் எழுதுகிற மேஜையில் போய் உட்கார வேண்டியதுதான்.

நைனாவிடம் இதைச் சொல்லவில்லை. கால் போன நாளிலிருந்து அவர் ஒரு மேட்ச்சுக்கும் வரவில்லை. கேட்டால் டூட்டி என்பார். டூட்டி இல்லாத நாளில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். கால் எப்படிப் போனது என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. இந்த விளையாட்டையே நான் விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறார், வாயைத் திறந்து சொல்ல மனசில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவர் கேட்கவில்லை என்பதற்காக நானும் சொல்லவில்லை. வீம்பில் நான் அவருடைய மகள்தான்.

மேட்ச் அன்று காலை அம்மாதான் அவரை விரட்டியிருக்கிறாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். பளபளக்கும் மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. கூடைக்குப் பின்னால், கம்பி வலைக்கு வெளியே தனியாக நின்றார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அந்த கிரவுண்ட் நல்ல கிரவுண்ட். சுற்றிலும் வலை, எங்கள் ஊர் மாதிரி குழந்தையும் குடமும் உள்ளே வர வழியே இல்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் பாயின்ட் கார்டு அக்காவுக்கு ஃபவுல் ஏறிவிட்டது. மாஸ்டர் என் பக்கம் தலையை ஆட்டினார். இறங்கினேன். கொஞ்ச நேரம் வழக்கம் போல ஆடினேன், அதாவது நிற்காமல் ஆடினேன். பந்து வந்தால் தள்ளிவிட்டேன். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது எதிர் டீம் பாஸ் ஒன்று தவறி என் கைக்கே வந்தது. எதிரே ஆள் இல்லை. ஓடினேன். பாதி தூரத்தில் பக்கவாட்டிலிருந்து உயரமான ஒரு பெண் பாய்ந்து வருவது தெரிந்தது. அன்றைக்கு நடந்த மாதிரியே. பந்தைப் பின்னால் தள்ளிவிடலாம் என்று நினைத்தபோது, கூடைக்குப் பின்னால் மஞ்சளாக இரண்டு கைகள் பக்கவாட்டில் நீண்டு வீசின.

நின்றேன். யோசித்து நின்றேன் என்று சொல்ல முடியாது. சின்ன அடி எதுவும் வைக்கவில்லை, ஒரே ஊன்றலில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த உயரமான பெண்ணால் நிற்க முடியவில்லை, என்னைத் தாண்டி கோட்டுக்கு வெளியே போய்விட்டாள். பின்னால் ஓடி வந்த எங்கள் பெண்கள் நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். ஐந்து பேரும் கோர்ட்டுக்குள் எந்தக் குழந்தை வந்துவிட்டது என்று தேடிக்கொண்டிருந்தோம். எதிர் டீமுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களில் ஒருத்தி மட்டும் மெதுவாக என்னிடம் வந்து, கடையில் பால் பாக்கெட் வாங்குவது போல என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, ஓடிப்போய் மறுபக்கம் கூடையில் போட்டாள்.

மாஸ்டர் டைம் அவுட் கேட்டார். "யாருடி காட்டுனது?" என்றார். எல்லாரும் கூடைப் பக்கம் பார்த்தோம். நைனா நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. வலைக்கு வெளியே அப்படியே நின்றிருந்தார். பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, காது சுட்டது. அந்தக் கோபத்தில் பெஞ்சுக்கு நடந்து வரும்போதுதான் காலைப் பற்றி நினைத்தேன். வலி இல்லை. அழுத்தி மிதித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மாஸ்டர் பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. என் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப போய் ஆடு."

போய் ஆடினேன். அடுத்த தடவை யாரும் கை காட்டாமல், நானாகவே ஓடி வந்து நின்றேன். பயம் போய்விடவில்லை, பயந்துகொண்டேதான் நின்றேன். என்மேல் ஒட்டியிருந்தவள் தாண்டிப் போனாள். எதிரே கூடை காலியாக இருந்தது. எறிந்தேன், வளையத்தில் பட்டு வெளியே போனது. போகட்டும். அப்புறமும் நின்றேன். மேட்ச்சில் தோற்றோம். நைனா புண்ணியத்தில் போன பாயின்ட் இல்லாவிட்டாலும் தோற்றிருப்போம் என்பதே உண்மை. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள்.

முடிந்ததும் நைனாவைத் தேடினால் அந்த இடத்தில் இல்லை. கேட்டுக்கு வெளியே பைக் பக்கத்தில் நின்றிருந்தார். டைம் அவுட்டின்போதே வெளியே போய்விட்டாராம். நான் மறுபடி நின்றது எதையும் அவர் பார்க்கவில்லை. பைக்கில் ஏறினோம். ராயபுரம் வந்ததும் ஓர் அத்தோ கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது, எங்கள் பக்கத்தில் பசி என்றால் அதுதான். முக்காலியில் உட்கார்ந்தோம். தட்டு வந்தது. அவர் தொடவில்லை.

"அன்னிக்கும் நான் பாத்துக்கினுதாம்மா இருந்தேன்" என்றார்.

"என்னிக்கு?"

"உன் கால் போன அன்னிக்கு. நீ ஓடியார. அந்தப் பொண்ணு சைடுல வருது. இடிக்கப் போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சு. கையி எயும்பவேயில்ல. கப்பல்ல யார் பெத்த புள்ளயோ கீய நிக்கிறான், அவனுக்குத் தானா எயும்புது. என் புள்ளைக்கு எயும்பல."

இத்தனை மாதமாக டூட்டி டூட்டி என்று சொல்லிக்கொண்டு இவர் இதைத்தான் சுமந்துகொண்டிருந்தாரா?

"மேட்ச்ல நீ கை காட்டுனா யார் நைனா நிப்பாங்க?"

"இன்னிக்கு நின்னீங்களே."

அப்போதுதான் அவருக்கு ஒன்று தெரியாது என்பது உறைத்தது. டாக்டருக்குச் சொன்னேன், பிசியோ அக்காவுக்குச் சொன்னேன், மாஸ்டருக்குச் சொன்னேன். இவருக்கு யாருமே சொல்லவில்லை.

"நைனா, அன்னிக்கு என்னை யாரும் இடிக்கல. நானாதான் நின்னேன். நின்னதுலதான் பிஞ்சுது. நீ கையக் காட்டியிருந்தாலும் அதான் ஆயிருக்கும்."

"அந்தப் பொண்ணு உன் மேல வியுந்துதே."

"நான் வியுந்தப்புறம் அது தட்டிக்கினு வியுந்துது."

அவர் என்னையே பார்த்தார். நூடுல்ஸைக் கிளறினார். ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது.

"அப்ப இன்னிக்கு நான் உன்ன நிக்க வெச்சனே. அதே காலா?"

"அதே கால்தான்."

தட்டைக் கீழே வைத்தார். அவ்வளவு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடையில் என் முக்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தார். மெதுவாக அழுத்தினார், சுற்றிலும் தடவினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல நைனா. கால் நின்னுச்சு."

அவர் கையை எடுக்கவில்லை. நானும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.