மெழுகுவர்த்தி சாயும் பக்கம்

தகரக் குழாயின் இணைப்போரமாக யேசுதாஸ் மெழுகுவர்த்தியை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார். தம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது பட்டுச் சுடர் ஆடிவிடக் கூடாது. குழாயின் ஒரு வாயில் துருத்தி ஊதுகிறது. மறு வாயில் சாக்கைச் சுருட்டி அடைத்திருக்கிறது. சுடர் எங்கே வெளிப்பக்கமாய்ச் சாய்கிறதோ அங்கே ஓட்டை. "இந்தாண்ட கீறான் திருடன்" என்று முனகிவிட்டுக் குச்சியால் தாரைத் தொட்டு அப்புகிறார். பிறகுதான் மூச்சு விடுகிறார்.

ராயபுரத்தில் அந்தப் பட்டறையில் ரிவிட் அடிக்கிறவர்கள் பலர். மெழுகுவர்த்தி பிடிக்கிறவர் இவர் ஒருவர்தான். எரிந்து மிஞ்சிய துண்டுகள் மாதா கோயிலிலிருந்து வருகின்றன. அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை அவர் மனைவி சிலுவையம்மாளுக்கு.

"மாதாவுக்கு வெச்சத தகரத்துக்குக் காட்றியே, உருப்படுவியா?"

"தகரத்துக்கா காட்றேன்? உன் புள்ளைக்குத்தாம்மே!"

பிள்ளை அருள்பிரகாசம் கோலார் தங்கச் சுரங்கத்தில், அடியாழத்தில் வேலை செய்கிறான். குழாய்கள் போய்ச் சேருவதும் அங்கேதான். காற்றைக் குளிரவைக்கிற ராட்சத இயந்திரம் ஒன்று சீமையிலிருந்து பெட்டி பெட்டியாய் வந்து துறைமுகத்தில் இறங்கியதை ராயபுரமே வேடிக்கை பார்த்தது. அது குளிரவைத்து அனுப்பும் காற்றை, பாறை உடைக்கிற ஆள் நிற்கும் முனைவரைக்கும் கொண்டுபோய் விடுவது இந்தத் தகரக் குழாய். நடுவழியில் ஒழுகிப்போனால் முனையில் நிற்பவனுக்கு மிஞ்சுவது வெக்கை.

அந்த வெக்கையைப் பற்றி அருள்பிரகாசம், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "கல்லே சுடுது நைனா. கைய வெச்சா வெடுக்குனு எடுத்துக்கணும். கோமணத்தோட நின்னாலும் வேர்வ நிக்காது. நானே ஒரு தபா உயுந்துட்டேன். காத்து வர்ற கொயாய் வாயாண்ட இஸ்துகினு வந்து போட்டாங்கோ. அப்பால முய்ச்சிக்கினேன்." சொல்லிவிட்டு அம்மாவிடம் இன்னொரு துண்டு மீன் கேட்டான். அப்பனின் தொண்டையில் நின்ற கவளம் இன்றுவரை கீழே இறங்கவில்லை.

யேசுதாஸ் சுரங்கத்தைக் கண்டதில்லை. ஆளுயரத்துக்கு நீண்ட பெருங்குழாய் ஒன்றுக்குள் படுத்துக்கொண்டு, ரிவிட்டுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்திருக்கிறார். வெளியே சம்மட்டி விழ விழ, அவர் விட்ட மூச்சே சூடாகத் திரும்பி வந்து அவர் முகத்தில் படுத்துக்கொண்டது. அவர் அறிந்த சுரங்கம் அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து அவர் வெளியே வந்தபாடில்லை. கோயிலில் பக்கவாசலை விட்டு நகரமாட்டார். அடுத்த வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தால் தள்ளித் திறந்துவிட்டு ஏச்சு வாங்குவார். கொதிக்கிற பானையின் மூடியைக்கூட ஓரமாய் நகர்த்திவைப்பார். "இன்னாய்யா, சோத்துக்கும் மூச்சு முட்டுதா?" என்பாள் சிலுவையம்மாள்.

அன்று காலையிலிருந்தே தூறல். சோதித்து முடித்த குழாய்களை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணப்பனின் மாட்டுவண்டி கூட்ஸ் யார்டுக்குப் போய்விட்டது. அடுத்த குழாயை எடுத்துவைத்துக்கொண்டு யேசுதாஸ் சாக்கைத் தேடினார். மூலையில் இல்லை. துருத்திக்கு அடியில் இல்லை. தார் டின்னுக்குப் பின்னால் இல்லை. கடைசியாகச் சோதித்த குழாயின் வாயிலிருந்து அதை உருவினோமா? கையைப் பார்த்தார். கைக்கு ஞாபகமில்லை.

தண்டபாணி மேஸ்திரி சிரித்தார். "இருந்தா தான் இன்னா? அங்க மாட்டறவன் பார்க்கமாட்டானா?"

"இருட்டுல மாட்டுவான் மேஸ்திரி. கண்ணுல வேர்வ எறங்கிகினு இருக்கும்."

"பெரிய பேஜாருய்யா உன்கிட்ட. ஒரு சாக்குக்கு இம்மாம் ரகளையா?"

யேசுதாஸ் மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார்.

யார்டில் குழாய்களை ரயில் வாகனில் ஏற்றியாகிவிட்டது. மேலே தார்ப்பாய் விரித்திருந்தது. கயிறு கட்டுவதுதான் பாக்கி. மாட்டை அவிழ்த்துவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு யேசுதாஸ் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தார்.

"அந்தாண்டப் போய் வாய்க்கு வாய் வத்திய காட்டு. நான் இந்தாண்டப் பாக்கறேன்."

"யோவ், வண்டிக்காரன வத்தி புடிக்கிற உபதேசியாராக்கிட்டியே!"

தார்ப்பாயின் இருட்டில் ஒவ்வொரு குழாயாக ஒற்றைக் கண்ணை வைத்தார். நீண்ட கருப்பின் கடைசியில் ஒரு நெல்மணி அளவு வெளிச்சம் தெரிந்தது. "கீது" என்றார். அடுத்தது. "கீது." அடுத்தது. "இதுலயும் கீது."

அதற்கடுத்த குழாயில் ஒன்றும் இல்லை.

கண்ணை மாற்றி வைத்தார். இருட்டு அப்படியே இருந்தது. மகனின் பெயரைச் சொல்ல வந்த வாய் பாதியில் நின்றது.

"கிருஷ்ணா... வத்தி..."

"இருய்யா, அணைஞ்சிபூட்ச்சு. மேல ஒயுகுது."

தீக்குச்சி உரசுகிற சத்தம். இன்னொரு குச்சி. பிறகு தூரத்தில் அந்த நெல்மணி முளைத்தது.

எல்லாக் குழாயிலும் வெளிச்சம் இருந்தது. வெளியே வந்தபோது யேசுதாஸின் சட்டை வேர்வையில் தொப்பலாய் நனைந்திருந்தது.

"இன்னாத்தத் தான் தேடின, அத்தச் சொல்லு" என்றான் கிருஷ்ணப்பன்.

"சாக்கு. அடைக்கிற சாக்கு."

கிருஷ்ணப்பன் தன் மாட்டைப் பார்த்தான். தூறலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்த அதன் திமிலின் மேல், ஓரமெல்லாம் தார்க்கறையோடு சாக்கு போர்த்தியிருந்தது.

"கிழமாடு, நனைஞ்சா இருமும். கீழ கெடந்திச்சு, எடுத்துப் போட்டேன். இதுக்கா என்ன அந்தப் பொந்துல பூர உட்ட?"

கயிறு கட்ட வந்த கலாசிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யேசுதாஸும் சிரித்தார். சாக்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பட்டறைப் பக்கம் நாலடி நடந்தார்.

என்ஜின் கூவியது. அவர் திரும்பி வந்தார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, கைக்கு எட்டிய முதல் குழாயின் வாயில் வாயை வைத்தார். மறுமுனையில் இப்போது மெழுகுவர்த்தி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தம்மிடம் இருந்த மூச்சையெல்லாம் அதற்குள் ஊதினார்.