பழைய ஆண்டின் உயில்

சிட்னியின் மேற்கில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில், முன்பு டயர் கடையாக இருந்த தகரக் கொட்டகையை லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் சிலர் தங்கள் கலைக்கூடமாக வைத்திருந்தார்கள். சிலி, எல் சல்வடோர், மெக்சிக்கோ, எக்வடோர் எனப் பெற்றோரின் நாடுகள் வேறு வேறு. துணியில் பதாகை அச்சிடுவதும் சுவரில் ஓவியம் தீட்டுவதும் ஊர்வலங்களுக்கு மேளம் அடிப்பதும் அவர்களின் வேலை. படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் எங்கள் ஆட்களின் ஊர்வலத்துக்குத் தமிழில் பதாகை வேண்டும் என்று நான் போய்க் கேட்டபோது, மறுபேச்சின்றி அச்சிட்டுத் தந்தார்கள். அதன் பின்னர் சனிக்கிழமைகளில் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ரயிலேறி அங்கே போவது என் வழக்கமாயிற்று. என்னைத் 'தீயா' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அத்தைக்கும் சித்திக்கும் அது ஒன்றுதான். அவர்கள் பேசிய ஆங்கிலத்தை நான் என் ஊர்த் தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

என்னுடன் ஒரு சிநேகிதியும் வருவாள். அவளும் படகில் வந்தவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஆங்கிலம் நாலைந்து சொல்லுக்கு மேல் ஓடாது. பதாகைகளைக் கொடியில் காயப்போடுவதில் அவளுக்கு நிகரில்லை.

கொட்டகையின் சாவி ஒரு பெண்ணிடம் இருந்தது. இருபதைத் தாண்டியவள், எக்வடோர்க்காரி. அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவளும், அச்சுச் சட்டங்களைச் செய்தவளும், மற்றவர்களுக்குத் தூரிகை பிடிக்கக் காட்டிக்கொடுத்தவளும் அவளே. வீட்டில் அவளுக்கென ஒரு மேசைகூடக் கிடையாது. அவளுக்கு இருந்த கூட்டாளிகள் அத்தனை பேரும் அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தார்கள்.

சந்துப் பக்கச் சுவரில் அவர்கள் நீளமாக ஒரு படகு வரைந்திருந்தார்கள். படகின் கீழே பல மொழிகளில் ஒவ்வொரு வரி. தமிழ் வரி என் சிநேகிதி சொன்னது: 'நாங்கள் இன்னும் கரையில் இறங்கவில்லை.' எழுத்தை நான் வரைந்தேன். அவள் நிறம் நிரப்பினாள்.

கொட்டகை நகர கவுன்சிலுக்குச் சொந்தமானது. யாரோ முறையிட்டிருக்கிறார்கள். சுவரை வெள்ளையாக்குங்கள், அல்லது காலி செய்யுங்கள் என்று கவுன்சில் தவணை குறித்துச் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகள் எதையும் வட்டமாக அமர்ந்து பேசி, ஒருவர் விடாமல் அனைவரும் ஒப்பினால் மட்டுமே செய்வார்கள். சனிக்கிழமைகள் தோறும் வட்டமாக அமர்ந்தார்கள், ஒப்பவில்லை. தவணை முடிவதற்கு முந்தைய நாள் காலையில் அவள் தனியாக வந்து, தானே சுவருக்கு வெள்ளையடித்தாள்.

கொட்டகை பிழைத்தது. அதை விட்டு எவரும் வெளியேறவில்லை. அவள் கலக்கிவைத்த மையில்தான் தொடர்ந்தும் அச்சிட்டார்கள். அவளோடு மட்டும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"வருசக் கடைசியோட சரியாயிடும், தீயா," என்றாள் அவள் என்னிடம். "இந்த முறை உயிலில எனக்கு நல்ல கிழி இருக்கு. ஏசி முடிஞ்சா கோபமும் முடிஞ்சிடும். அதுக்குத்தானே அது இருக்கு."

அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்தவளும் அவள்தான். அவளுடைய பெற்றோரின் ஊரில் ஆண்டு முடியும்போது பழைய உடுப்புக்குள் காகிதம் திணித்து ஓர் ஆளுருவம் செய்வார்கள். அதுதான் பழைய ஆண்டு. சாகப்போகும் ஆண்டு எழுதியதாக ஓர் உயிலைச் சத்தமாக வாசிப்பார்கள். கூடியிருப்போரில் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நக்கல் சொத்தாக எழுதப்பட்டிருக்கும். நக்கல் செய்யப்பட்டவர் சிரித்தாக வேண்டும். ஒருவர் கறுப்புச் சால்வை போர்த்தி, ஆண்டின் விதவையாக ஒப்பாரி வைப்பார். பிறகு உருவத்தை எரிப்பார்கள். சிட்னியின் கோடையில் வெளியே தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதால், மெக்சிக்கோப் பிள்ளைகள் காகிதப் பானையைத் தொங்கவிட்டு உடைப்பதுபோல, உருவத்தைக் கூரை வளையில் கட்டித் தடியால் அடிப்பது அங்கே வழக்கமாகியிருந்தது. விதவை எப்போதும் அவள்தான். அழுது அழுது எங்களைச் சிரிக்க வைப்பாள்.

அந்த ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை மதியம், சால்வையும் கண்மையுமாக அவள் உள்ளே வந்தாள். உருவத்தின் தலையை மூடியிருந்த துணியை ஒரு சிலிப் பையன் இழுத்தான். காகிதக் கூழில் செய்த அந்த முகம் அவளுடையது. இடப் புருவத்தின் கீழுள்ள மறுவைக்கூட விடவில்லை. அவளிடம் கற்ற கைகள், சாயல் பிசகவேயில்லை.

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு, தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ என்ர ராசா, இவ்வளவு வடிவான முகத்தோட சாகப் போறியே!" என்று ஒப்பாரியைத் தொடங்கினாள். சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது.

என் சிநேகிதி என் கையைச் சுரண்டினாள். "இதென்ன, இந்தப் பிள்ளையின்ர முகத்தையெல்லோ வைச்சிருக்கினம்? கண்ணூறு கழிக்கப் போகினமோ?"

உயில் தொடங்கிவிட்டதால், பொறு என்று கையைக் காட்டினேன்.

சிலிப் பையன் மைக்கில் வாசித்தான். எப்போதும் பிந்தி வருபவனுக்குப் பழைய ஆண்டின் ஓடாத கடிகாரம். ஸ்பானிய மொழி தெரியாதவனுக்கு அதன் நாக்கு, திருப்பித் தரத் தேவையில்லை. அவர்களின் பாட்டைப் பொறுத்துக்கொண்ட தீயாவுக்கு ஒரு சோடி புதுக் காதுகள். கொட்டகை அதிரச் சிரித்தோம்.

"கடைசியா, எங்கட விதவைக்கு," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "மிச்சமிருக்கிற வெள்ளைப் பெயின்ற். முதல்ல தன்ர மூஞ்சைக்குப் பூசட்டும், மிஞ்சினா அம்மாவுக்கு. அம்மா கவுன்சிலின்ர கக்கூசைத் துடைக்கிறா, மகள் கவுன்சிலுக்காகச் சுவரைத் துடைக்கிறா. குடும்பத் தொழில் நல்லா ஓடட்டும்."

அவள் சிரித்தாக வேண்டும். சிரித்தாள். அவளுடைய தாய் கவுன்சில் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்வது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாய் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய சோள அப்பம் அப்போதும் மேசையில் சூடாக இருந்தது.

பையன் தடியை எடுத்து என் சிநேகிதியிடம் நீட்டினான். "அழிச்சது இவவின்ர வார்த்தையை. முதல் அடி இவவுக்கு."

அவளுக்குத் தடி மட்டும் விளங்கியது. நான் "பொறு, இது வேற" என்று எழும்புவதற்குள் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டாள். கண் படாமலிருக்கப் புதுவீட்டு வாசலில் வெருளிப் பொம்மை கட்டியும் பூசணிக்காய் உடைத்தும் வளர்ந்தவள். தடியால் உருவத்தின் தலையை மூன்று முறை சுற்றினாள். "பிள்ளையில பட்ட கண்ணெல்லாம் இதோட போகட்டும்," என்று முணுமுணுத்தாள். ஓங்கி ஒரே அடி. காகிதத் தலை கழன்று, உருண்டு, விதவையின் காலடியில் போய் நின்றது. என் சிநேகிதி குனிந்து, முறை தவறாமல், அந்த முகத்தின் மேல் மூன்று தரம் துப்பினாள்.

பந்து கோலுக்குள் விழுந்ததுபோல ஆரவாரம். மேளம் அடித்தார்கள். கட்டிப்பிடித்தார்கள் என் சிநேகிதியை. அவளும் மகிழ்ந்துபோய் எல்லாருக்கும் தலையசைத்தாள்.

விதவை சால்வையைக் கழற்றினாள். நிதானமாக மடித்து, கீழே கிடந்த தன் முகத்தின் மேல் போட்டாள். அதன்மேல் கொட்டகைச் சாவியை வைத்துவிட்டுச் சந்தில் இறங்கி நடந்தாள்.

ரயில் நிலைய மேடையில்தான் அவளைப் பிடித்தேன். கண்ணூறு என்றால் என்ன, எதற்காகச் சுற்றுவது, எதற்காகத் துப்புவது என்றெல்லாம் மூச்சிரைக்கச் சொன்னேன். கண்மை வழிந்த முகத்தோடு அவள் முழுவதையும் கேட்டாள்.

"அந்த அன்ரி என்னில அன்பாத்தான் அடிச்சவ. அது முகத்திலயே தெரிஞ்சுது," என்றாள். "கை தட்டினவைக்கு அது தெரியாதே, தீயா."

"அடுத்த கிழமை வருவாய்தானே?"

"என்ர முகம் அங்கதானே கிடக்கு. அவைக்கு அது போதும்."

ரயில் வந்தது. அவள் ஏறி, மறுபக்க ஜன்னலோரமாக அமர்ந்துகொண்டாள். கொட்டகைக்கு அவள் அதன் பிறகு வரவேயில்லை.

நான் திரும்பியபோது தலையில்லாத உருவத்தை முறை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சோள அப்பம் தீர்ந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை கொட்டகையை யார் திறப்பது என்று சிலிப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். எவரும் கை உயர்த்தவில்லை.

என் சிநேகிதி தரையில் குந்தியிருந்து, மிதிபட்டு உடைந்திருந்த அந்த முகத்தின் துண்டுகளை ஒன்றும் விடாமல் ஒரு பைக்குள் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நாற்சந்தியில் கொண்டுபோய்ப் போடுவதற்காக.

"பிள்ளை எங்கை?" என்று கேட்டாள்.

"போயிட்டாள்."

"திரும்பிப் பாத்தவளோ?"

"இல்லை."

"அப்ப சரி. கழிச்சாப் பிறகு திரும்பிப் பாக்கக் கூடாது," என்றாள் அவள், பையின் வாயை இறுக்கி முடிந்தபடி. "ஆர் சொல்லிக் குடுத்தினமோ, முறை தெரிஞ்ச பிள்ளை."