சோறு இறங்கவில்லை என்று வந்தவர்கள்

எங்கள் தொழிலில் முகத்தைப் பார்ப்பதைவிடத் தொண்டைக்குள் பார்ப்பதுதான் அதிகம். ஆம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோபி அறையில் நான் நர்ஸ். விளக்கை அணைத்துவிட்டு, விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாயை வாய் வழியாக இறக்கினால், அதன் நுனி வெளிச்சத்தில் உணவுக்குழாய் டிவியில் தெரியும். ஈரமான, இளஞ்சிவப்பான குகை. சுருங்கும், விரியும். இத்தனை வருஷம் பார்த்தும், அது என்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரியே எனக்கு இருக்கும்.

நெஞ்சு எரிந்தால் பெட்டிக்கடையில் பவுடர் வாங்கிக் கலக்கிக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற கூட்டம்தானே நாம் எல்லோரும்? அதனால் உங்களிடம் சொல்லலாம். இந்த நாட்டில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் உணவுக்குழாயில் வருவதும் ஒன்று. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், வயது ஏற ஏற அதிகம். சத்தமில்லாமல் வளர்வதால், முற்றிய பிறகுதான் பலரும் எங்கள் கட்டிலுக்கு வந்து சேர்கிறார்கள்.

கழுத்தைப் பிடித்தவர்

நெமிலி பக்கத்திலிருந்து எல்லம்மா வந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். முதலில் சோறு நெஞ்சில் நின்றிருக்கிறது. பிறகு இட்லி, பிறகு கஞ்சி. செத்துப்போன புருஷன்தான் உள்ளே இருந்து கழுத்தைப் பிடிக்கிறார் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். அவரும் கடைசியில் இப்படித்தான் சோறு இறங்காமல் போனாராம். பூசாரி கட்டிவிட்ட கறுப்புக் கயிறு, எல்லம்மா இளைத்த இளைப்பில் மாலை மாதிரி மார்பில் தொங்கியது.

என்ன பழக்கம் என்று டாக்டர் கேட்டார். வெற்றிலையோடு புகையிலை. கல்யாணமான புதிதில் புருஷன் மடித்துக் கொடுத்து ஆரம்பித்தது, அவர் போன பிறகும் விடவில்லை. புகையிலையைப் புகைத்தாலும் மென்றாலும் இந்த நோய்க்கு வழிதான் என்றார் டாக்டர். குழாய் பாதி தூரம் போனதும், காலிஃப்ளவர் மாதிரி ஒரு கட்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எல்லம்மா கண்ணைச் சிமிட்டாமல் டிவியையே பார்த்தார். குழாயை எடுத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவரா இருந்தா கெஞ்சிக் கேட்டிருப்பேன், விட்டிருப்பாரு. இது யாருன்னே தெரியலியேம்மா."

முகர்ந்து பார்த்துக் குடிப்பவர்

வாணியம்பாடி அன்வர் பாய்க்கு ஒரு வினோதப் பழக்கம். நான் கொடுத்த தண்ணீர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் குடித்தார். "வீட்லயும் இப்டித்தான் சிஸ்டர். அம்மா குடுத்தாலும் மோந்துதான் பார்ப்பாரு" என்றான் மகன்.

காரணம் டிவியில் தெரிந்தது. வாலிபத்தில் தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்த புதிதில், தாகத்துக்கு எடுத்துக் குடித்த பாட்டிலில் யாரோ ஆசிட் ஊற்றி வைத்திருந்தார்கள். பிழைத்தார். சுருங்கிப்போன உணவுக்குழாயை விரித்து விரித்துத்தான் சாப்பிட வைத்தார்கள். கல்யாணம், பிள்ளைகள், பேரன்கள் எல்லாம் ஆயிற்று. வெளுத்த அந்தப் பழைய தழும்பின் மேலேயே இப்போது கட்டி முளைத்திருந்தது. ஆசிட்டில் வெந்த இடத்தில் எத்தனையோ வருஷம் கழித்தும் இது வரலாம் என்று டாக்டர் விளக்கினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கே துப்பிட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன் டாக்டர் சாப். அது இன்னா, இவ்ளோ நாளா உள்ள குந்திக்கினு என்னைப் பாத்துக்கினு இருந்துதா?"

கெட்ட பழக்கம் இல்லாதவர்

காவேரிப்பாக்கத்துக்காரர் ஒருவர். பீடி இல்லை, குடி இல்லை, வெற்றிலைகூட இல்லை. சப்பாத்தி விக்கிக்கொண்ட மறுவாரமே வந்துவிட்டதால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆபத்தைக் கூட்டுவது எதுவும் இல்லாதவருக்கும் சில சமயம் வந்துவிடுகிறது, ஏனென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் மனைவி வராந்தாவைக் காட்டி என்னிடம் கேட்டார்: "வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து பீடி குடிக்கிற எங்க மாமனார் அதோ உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. அது வீட்டுக்குள்ள வந்து இவரை எப்படிப் பொறுக்கி எடுத்துச்சு?"

அதே கட்டிலில் நான்

எனக்கே வருஷக்கணக்காக நெஞ்செரிச்சல். படுத்தால் புளிப்பு தொண்டைக்கு வரும். உடம்பும் கொஞ்சம் ஜாஸ்தி. பவுடரிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தவளை, ஒரு நாள் டாக்டர் விரட்டிப் படுக்க வைத்தார். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள். விளக்கு அணைந்தது. என் உள்ளே இருக்கிற குகை டிவியில் விரிந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று யாரோ என் காதோரம் சொன்னார்கள். அது நான் எல்லோரிடமும் சொல்கிற அதே குரல். யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னோடு வேலை செய்யும் சுமதி, தான் வாயே திறக்கவில்லை என்கிறாள்.

மேலே ஏறிய அமிலத்தில் அடிப்பக்கச் சவ்வு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படி மாறிய இடத்தில் பின்னால் வரலாம், அதனால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அவ்வப்போது குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். எழுந்து உட்கார்ந்ததும் சுமதி சொன்னாள்: "அக்கா, இந்த ரூம்ல இவ்ளோ சத்தம் போட்ட பேஷன்ட்டை நான் பாத்ததே இல்ல."

டீக்கடை பெஞ்சிலிருந்து

ஷூ கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்த நாலு தோஸ்துகள். காலையில் ஒரே டீக்கடை பெஞ்ச், ஒரே கட்டு பீடி. சாயங்காலம் ஒரே கடையில் குவார்ட்டர். டீ நாக்கைப் பொசுக்குகிற சூட்டில் வேண்டும். ஊதாமல் முதலில் முடிப்பது யார் என்று போட்டி வேறு. காய், பழம் என்றால் யாரும் தொட மாட்டார்கள்.

முதலில் ஒருவருக்குச் சோறு நின்றது. அவரைக் கைத்தாங்கலாக எங்களிடம் கூட்டி வந்த தோஸ்து, அவர் இறந்து சில காலத்துக்குப் பிறகு, தானே நோயாளியாக வந்தார். அவரைக் கூட்டி வந்தவர் மூன்றாமவர். இரண்டாமவரும் இறந்த பிறகு மூன்றாமவரே நோயாளியாக வந்தார், நாலாமவரான பழனியின் தோளைப் பிடித்துக்கொண்டு. கூட்டி வந்த தோஸ்துகள் ஒவ்வொருவராகக் காத்திருந்த அதே நாற்காலியில் வெளியே இப்போது பழனி உட்கார்ந்திருந்தார்.

"ஒட்டிக்கிற நோயா டாக்டர்?" என்று கேட்டார் பழனி. இல்லை என்றார் டாக்டர். பீடியும் குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஆகும், கொதிக்கிற டீ தொண்டையை நாளும் வேக வைக்கும், நாலு பேரும் ஒரே வழியில் நடந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்றார். இப்போதே எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஒரு தடவை நீங்களும் குழாய் விட்டுப் பார்த்துவிடுங்கள் என்று நானும் சேர்ந்து வற்புறுத்தினேன். பழனி காலியான நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பண்ணிக்கிறேன் சிஸ்டர். ஆனா, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும்னு வெளிய எழுதி ஒட்டியிருக்கீங்களே, இனிமே நான் யாரைக் கூட்டிட்டு வர்றது?"

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே நீங்கள் ஒரு தரம் எச்சிலை விழுங்கி, சரியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதும்போது நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.