செவ்வாழைக்கு இரண்டு ஸ்கூப்

2009-ல் நாகர்கோவில் பக்கம் ஒரு திசு வளர்ப்பு லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். வாழைக் குருத்தைச் சிறிதாக வெட்டிக் குப்பியில் வளர்த்து, பெருகப் பெருகப் புதுக் குப்பிக்கு மாற்றி, கன்றாக்கி விவசாயிகளுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை, எங்களிடம் கன்று வாங்கிய திருவட்டாறு சிகாமணி அண்ணன் இடுப்பளவு வாழை ஒன்றை வேரோடு பிடுங்கி, பஸ்ஸில் கொண்டுவந்து என் மேஜைமேல் கிடத்தினார்.

"சாறே, இது என்ன நிறம்?"

"பச்சை."

"நீரு தந்தது?"

"செவ்வாழை."

"அடுத்த வருசம் எனக்க மகளுக்குக் கல்யாணம். பந்தல் வாசல்ல ரெண்டு பக்கமும் செங்குலை கட்டுவேன்னு சம்மந்திக்க முன்னால சொல்லிப்போட்டேன். நாப்பது மூட்டுல ஒண்ணுக்க தண்டுகூட செவக்கல்ல!"

நாற்பதும் நான் குப்பி மாற்றிய கன்றுகள். அவரை எங்கள் விஞ்ஞானி ஜெசிந்தா மேடத்திடம் கூட்டிப்போனேன்.

மேடம் பொறுமையாகச் சொன்னார்: "செடியில உள்ள சில புரோட்டீன்கள் டிஎன்ஏ மேல மீதைல்னு சின்னச் சின்ன அடையாளம் வைக்கும். அடையாளம் விழுந்த ஜீன் பெரும்பாலும் தூங்கிரும். வேற சில புரோட்டீன் அதை அழிச்சு எழுப்பும். ரொம்ப தடவை குப்பி மாத்தினா இந்த அடையாளமெல்லாம் தாறுமாறாகலாம். சிவப்பு நிறத்துக்கான ஜீன் அப்படித் தூங்கியிருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். இலையைச் சோதிச்சுப் பாக்கணும்."

"அப்போ புரோட்டீனுக்க கொழப்பம்."

"அதேதான்!" மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து இலை எடுக்கத் தோப்புக்குப் போனோம். ஒவ்வொரு வாழை மூட்டிலும், தண்டின் அடியைச் சுற்றி, பழுப்பு நிறத்தில் ஏதோ குழம்பு. அதன்மேல் எறும்புப் படை. பக்கத்து வீட்டு நாய் வரிசையாக நக்கிக்கொண்டு வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணனின் மகன் தலையில் கைவைத்து நின்றான்.

"எனக்க ஜிம் பவுடர் சாறே! டின்னு காலி. மூட்டுக்கு ரெண்டு ஸ்கூப்பு வச்சிருக்காரு!"

"டாக்டரம்மா புரோட்டீன்னுதானே சொன்னாவ? டின்லயும் அதுதானல எழுதியிருக்கு?" என்றார் அண்ணன்.

மேடம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, அது பால் புரோட்டீன். நான் சொன்னது செடி தன் செல்லுக்குள்ள தானே செஞ்சுக்கிறது. வெளியிலிருந்து ஊத்த முடியாது."

"சாக்லேட் மணம் வந்தப்பமே நெனச்சேன்" என்றார் அண்ணன்.

சோதனையில் தாய்மரத்துக்கும் இவற்றுக்கும் மீதைல் அடையாளங்கள் வேறுபட்டன. நிறம் மாறியதற்கு அதுதான் காரணம் என்று மேடம் கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் குப்பி மாற்றும் தடவைகளைக் குறைத்தோம். அண்ணனுக்கு வேறு கன்று கொடுத்தோம். ஆனால் அவை கல்யாணத்துக்குள் குலை தள்ள வழியில்லை.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தல் வாசலில், அந்தப் பழைய நாற்பதில் விளைந்த இரண்டு பச்சைக் குலைகள். சம்மந்தி கேட்டே விட்டார். "செங்குலைன்னு சொன்னீரு?"

அண்ணன் மேல் சீப்பில் பழுத்து மஞ்சளாகியிருந்த ஒரு பழத்தை உரித்து அவர் வாயருகே நீட்டினார். "தின்னு பாரும். ருசி செவ்வாழை. நிறம் மட்டும் ஒறங்குது. ஆராய்ச்சிக் குலையாக்கும், வேற எங்கயும் கெடைக்காது."

சம்மந்தி மென்றபடியே யோசித்தார். பிறகு, "இதுல ரெண்டு கன்று எனக்கும் வேணும்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் விளக்கும்போது விவசாயி தலையாட்டினால், புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார். "இப்ப தோப்புக்குப் போயி என்ன செய்யப் போறீய?" என்று கேளுங்கள்.