திமிங்கலம் பாயும் புது மாப்பிள்ளையும்

மதுரையில் கடல் இல்லை. அதனால்தானோ என்னவோ, பழங்காநத்தத்தில் மெத்தைக்கடை வைத்திருக்கும் பாதுஷாவுக்குத் திமிங்கலத்தின் மேல் அப்படியொரு பித்து! பஞ்சு அடைத்துக்கொண்டே போனில் திமிங்கல வீடியோ பார்ப்பார். "அண்ணே, நீலத் திமிங்கலத்தோட நாக்கு மட்டும் ஒரு யானை வெயிட்டு, தெரியுமா?" என்பார். தலையணை கேட்டு வந்தவர் பாவம், முழிப்பார். தெருவே அவரைத் திமிங்கலம் பாய் என்றுதான் கூப்பிட்டது. தாடி நரைத்த பிறகும் அவர் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

மகள் சனோபரின் கல்யாணம் முடிந்ததும் வழி பிறந்தது. புது ஜோடிக்கு விருந்து வைக்க வேண்டுமே, அதை இலங்கையில், திமிங்கலம் வருகிற மிரிஸ்ஸ கடற்கரையில் வைப்போம் என்றார்.

"விருந்து மாப்பிள்ளைக்கா, உங்க மீனுக்கா?" என்றாள் மனைவி சபியா.

"அது மீன் இல்ல சபியா, பாலூட்டி."

"ஆமா, ரொம்ப முக்கியம்."

காலையில் படகு ஏறும்போது நல்ல வெயில். படகுக்காரர் தமிழிலேயே எச்சரித்தார்: "வயித்த நிரப்பாதீங்கோ. ரெண்டு பிஸ்கட் போதும்."

சபியா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். புது மாப்பிள்ளைக்குப் பிஸ்கட்டா? வில்லாபுரத்துச் சம்பந்தி காதுக்குப் போனால் மானம் என்னாவது! தங்கிய வீட்டு அடுப்பில் விடியுமுன்னே செய்த இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் டிபன் கேரியரிலிருந்து வெளியே வந்தன.

"போதும் மாமி," என்றான் மாப்பிள்ளை அசீம்.

"என்ன போதும்? குருவி கொத்துற மாதிரி கொத்துறீங்க. என்னங்க, நீங்க சொல்லுங்க."

"சாப்பிடுங்க மாப்ள," என்றார் பாதுஷா. கண் கடலில் இருந்தது. மாமியார் வைப்பதை மறுப்பது மரியாதையா? அசீம் மறுக்கவில்லை.

கரை மறைந்ததும் வானம் கறுத்தது. மழை சாய்த்து அடித்தது, நின்றது, வெயில் சுள்ளென்று காய்ந்தது, திரும்பவும் மழை. அலை மட்டும் ஓயவில்லை. சனோபர் ஒரு மூலையில் சுருண்டுவிட்டாள். அசீம் கம்பியைப் பிடித்துக் கடல் பக்கம் குனிந்தான். பாதுஷா ஓடிப்போய் மாப்பிள்ளையின் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். பாயா வெளியே வந்துகொண்டே இருந்தது.

அப்போது பார்த்துத்தான் எதிர்ப்பக்கம் கூச்சல்!

பாதுஷாவின் முதுகுக்குப் பின்னால் யாரோ பெரிய டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டது போல ஒரு மூச்சு. கழுத்தைத் திருப்பினார். வரிசையாக மழைக்கோட்டுகள்தான் தெரிந்தன.

"யா அல்லாஹ், எம்புட்டுப் பெருசு! என்னங்க, ஓடி வாங்க!" என்று அங்கிருந்து கத்தினாள் சபியா.

"மாமா, விட்டுறாதீங்க மாமா," என்று அசீம் அவர் சட்டையை இறுக்கினான்.

நாலு எட்டு வைத்தால் போதும். அவர் வைக்கவில்லை. கையை எடுத்தால் பிள்ளை கடலுக்குள் போய்விடுவான். ஆயுசு முழுக்கக் காத்திருந்தது அவர் பின்னாலேயே வந்து, பின்னாலேயே முங்கிப் போனது.

திரும்பும் வழியில் படகுக்காரர் கேட்டார். "பாக்காத ஆக்கள் கையத் தூக்குங்கோ. நாளைக்குக் காசில்லாமச் சும்மா கூட்டிக்கொண்டு போறம்."

"தூக்குங்க," என்று சபியா புருஷன் விலாவில் இடித்தாள்.

பாதுஷாவின் கை மடியை விட்டு எழவில்லை. எழுந்தால், மாப்பிள்ளையால்தான் மாமனார் பார்க்க முடியவில்லை என்றாகிவிடும். அந்தக் கூச்சம் அந்தப் பிள்ளைக்கு எதற்கு?

சனோபர் இன்னும் சுருண்டே கிடந்தாள். அசீம் மட்டும் கையைத் தூக்கினான். பிறகு ஆசையாகத் திரும்பினான். "மாமா, நீங்க பாத்துட்டீங்கள்ல? எப்படி இருந்துச்சு?"

"கண்ணு நெறையப் பாத்தேன் மாப்ள," என்றார் பாதுஷா. "மொதல்ல மூச்சு, ரெண்டு மாடி உசரத்துக்கு. அப்புறம் முதுகு வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. கடைசியா வாலத் தூக்குச்சு பாருங்க, தண்ணி அப்படியே மணிமணியா ஒழுகுது..."

அன்று வந்த திமிங்கலம் வாலைத் தூக்கவே இல்லை. சபியாவுக்கு அது தெரியும். அவள் நகர்ந்து வந்து புருஷன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஆமா மாப்ள," என்றாள். "எம்புட்டுப் பெரிய வாலு!"