செத்துப்போன கேப்டனின் தம்பி

இந்த மாதம் டிவியில் வரிசையாகச் சண்டைப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். என் கருத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சரித்திரப் படத்து ராஜாக்கள் பெண்டாட்டியிடம்கூட மேடைப் பேச்சுதான் பேசுகிறார்கள். போர்ப் படங்களில் ஊரே எரிந்தாலும் நாயகன் சட்டையில் ஒரு கரி கிடையாது. எல்லாவற்றையும்விட, முதல் பாகத்தில் செத்தவன் இரண்டாம் பாகத்தில் எழுந்து வந்துவிடுகிறான். நேற்று அப்படி ஒருவன் கண் விழித்ததும், “இவன் தம்பி” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அடுப்படியில் இருந்த செல்வி சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். ஆங்கிலப் படம் வந்தால் மில் ஆட்கள் என்னைக் கூட்டிப்போவார்கள். நான் பி.யூ.சி.யில் ஆங்கிலத்தில் தவறியவன். ஆனாலும் எழுதித் தவறியவன் என்ற மரியாதை எனக்கு இருந்தது. திரையில் பேசுவதைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. புரிந்ததைச் சொல்வேன். புரியாததை இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

செல்வி என் தாய்மாமன் மகள். முறைப்பெண்தான் என்றாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக்கடைக்காரரும் அவளைக் கேட்டிருந்தார். மாமா பட்டாளத்தில் இருந்து வந்தவர். “பையனுக்கு நாலு வெவரம் தெரியுதான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு போர்ப் படத்துக்கு என்னோடு கிளம்பி வந்தார். எனக்குச் செல்வி என்றால் உயிர்.

அப்போதெல்லாம் படத்தின் ஒரே பிரதியை வைத்து இரண்டு ஊரில் ஓட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைமணி முன்னால் படம் தொடங்கும். ஒவ்வொரு ரீல் பெட்டியும் அங்கே ஓடி முடிந்ததும் மொபெட்டில் ராஜபாளையத்துக்கு வரும். அன்றைக்கு அங்கே ஆண்டாள் தேரோட்டம். ஒரு பெட்டியோடு வந்தவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அடுத்த பெட்டியோடு கிளம்பியவர் சந்துபொந்தில் புகுந்து முந்திவிட்டார். இங்கே விசில் தாங்க முடியாமல் ஆபரேட்டர் கைக்கு வந்ததை ஓட்டிவிட்டார். இதெல்லாம் அரங்கில் இருந்த எங்களுக்குத் தெரியாது.

மீசைக்காரக் கேப்டன் பாலத்தோடு சேர்ந்து வெடித்துச் செத்தான். மாமா உச்சுக்கொட்டினார். அப்புறம் பார்த்தால் அதே கேப்டன் கூடாரத்தில் காப்பி குடிக்கிறான்.

“ஏலே மாப்ள, செத்தவன் எப்பிடிலே காப்பி குடிக்கான்?”

தெரியாது என்று சொன்னால் செல்வி பாத்திரக்கடைக்குப் போய்விடுவாள்.

“இது அவன் தம்பி மாமா. அண்ணனுக்குப் பழிவாங்க வந்துருக்கான்.”

முன்வரிசை, பின்வரிசை எல்லாம் அதை நம்பியது. தம்பிக்குக் கைதட்டல்கூட விழுந்தது. கடைசிப் பெட்டியில் கேப்டனைப் புதைத்தார்கள். குழிமேட்டில் ஒரு கிழவி நின்றாள்.

“தம்பியும் போயிட்டானா?”

“ஆமா மாமா.”

“ரெண்டு புள்ளையையும் பறிகொடுத்துட்டாளே, பாவி மக” என்று மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்தால் வாசலில் மேனேஜர் கைகூப்பி நிற்கிறார். பெட்டி முன்னே பின்னே மாறி ஓடிவிட்டதாம், கோபித்துக்கொள்ளக் கூடாதாம். மாமா டீக்கடைக்கு நடந்தார். பாதி டீ குடித்த பிறகு சொன்னார்.

“பட்டாளத்துல நான் பூராவும் சோறுதாம்லே பொங்குனேன். துப்பாக்கியத் தொடச்சதுகூடக் கெடையாது. ஊர்ல சொல்லுத சண்டைக்கதை அம்புட்டும் பொய்யி. ஆனா ஒருத்தனையும் நான் அழவச்சதில்ல. நீ என்னையே அழவச்சுட்ட. உங்கம்மாவப் பொண்ணு கேக்க வரச்சொல்லு.”

கல்யாணத்துக்குப் பிறகு டிவியில் எவன் பிழைத்து வந்தாலும், “மாப்ள, தம்பியா?” என்று திண்டில் சாய்ந்தபடி கேட்பார். நான் ஆமாம் என்பேன். அது எங்கள் இருவருக்கும் சலிக்கவே இல்லை.

அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்தும் இடம். பெட்டிக்காகக் காத்திருந்து விசிலடிக்க யாருக்கும் அவசியமில்லை, படம் சட்டைப்பைக்குள்ளேயே வருகிறது. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று சிரித்துக்கொண்டே வந்த செல்வி, டிவியில் எழுந்து உட்கார்ந்திருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கலாம்” என்றாள்.